பேசாதவனுக்கும் ஒரு தெரு வேண்டும்

கூட்டம் கூடும் இடத்தில் மூலை நாற்காலியைத் தேடுகிற ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த கையோடு செருப்பைத் தேடிப் போகிறவர்கள், விருந்தாளி வந்தால் பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்துகிறவர்கள், "உங்கள் வீட்டுக்காரர் யாரோடும் பேச மாட்டாரோ?" என்று மனைவியிடம் விசாரிக்கப்படுகிறவர்கள். நானும் அந்த ஜாதிதான்.

சில ஆண்டுகளாக எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதே பேச்சு. பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கட்டிய மாடி பூட்டிக் கிடக்கிறது. கீழே இரண்டு பேர், நாலு படுக்கையறை, ஆறு தண்ணீர்க் குழாய். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் என்ன செய்வது? பெண்கள்தான் முதலில் வழி சொன்னார்கள். ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம் வாங்கலாம். ஆளுக்கொரு சிறிய வீடு. நடுவில் பொதுவாக ஒரு சமையலறையும் கூடமும். ஆண்கள் எல்லாரும் "பார்க்கலாம்" என்றோம். எங்கள் பக்கத்தில் ஆண் ஒருவன் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காரியத்துக்குப் பாடை கட்டியாயிற்று.

ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்று புலப்பட்டது. இந்த ஏற்பாட்டை ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் பெண்கள். அது இல்லாமலும் அவர்கள் சமாளித்துவிடுவார்கள். உண்மையில் இதில் பிழைக்கப்போவது முணுமுணுக்கிற கணவர்கள்தான்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமாக வீடு கட்டி வாழ்கிறோம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ரப்பருக்கும் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே தனியாக நிற்கும். அடுத்த வீட்டு விளக்கு தெரியும், ஆள் தெரியாது. கிழக்கே நாஞ்சில் நாட்டில் கதை வேறு. சுற்றி வயல், நடுவில் ஊர், ஊருக்குள் தெரு, தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிற மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். அப்படியிருந்தும் மேற்கத்திக்காரன் ஒருவன் நாள் முழுவதும் ஒரு மனிதனின் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிட முடியும். நான் இருந்திருக்கிறேன். சுகமாகத்தான் இருந்தது.

என் மனைவி பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு தெருவில் வளர்ந்தவள். கல்யாணமாகி மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாலை நாலு மணியானால் முன்வாசலில் போய் நிற்பாள். அந்த நேரத்தில் அவள் தெருவில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவார்களாம். இங்கே ரப்பர் காய் வெடிக்கிற சத்தம்தான் வரும். பிறகு உள்ளே வந்து, தெருவில் பத்துப் பேரிடம் பேச வேண்டியதை என்னிடம் பேசுவாள். நான் "உம்" கொட்டுவேன். எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததே கிடையாது. அந்த "உம்"தான் எங்கள் சண்டை.

இதில் யார் மேல் பிழை? இரண்டு பேர் மேலும் இல்லை. ஒரு தெருவே செய்த வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டினால் அவன் என்ன செய்வான்? அதுவும் பேச்சு வராத ஆள். கணவனே நண்பன், அவனே அண்டை வீட்டுக்காரன், அவனே சினிமாத் துணை, அவனே ஊர் வம்புக்குக் காது. இத்தனை வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தால் நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன்.

பெண்கள் சொன்ன ஏற்பாட்டைப் பற்றி நான் தேடிப் படித்தேன். பேசாதவர்களுக்குப் படிப்பதற்கு நேரம் நிறைய. இன்றைய வடிவில் இதைக் கட்டிப் பார்த்த முதல் நாடு டென்மார்க். யான் குட்மன்-ஹொயர் என்ற கட்டடக் கலைஞர் 1964இல் நண்பர்களோடு சேர்ந்து கோபன்ஹேகனுக்கு வெளியே இப்படியொரு குடியிருப்புக்குத் திட்டம் போட்டார். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் அது நின்றுபோயிற்று. சேர்ந்து வாழ நினைத்தவர்களை முதலில் விரட்டியவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களே என்பதைப் படித்தபோது டென்மார்க் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது. 1967இல் போடில் கிரோ என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நாங்களும் வருகிறோம் என்றன. 1972இல் சேட்டடாமன் என்ற இடத்தில் 27 வீடுகள் எழுந்தன. 1980களில் அங்கே போய்ப் பார்த்த கேத்ரின் மெக்காமன்ட், சார்லஸ் டுரெட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் இருவரும் அதைக் கோஹவுசிங் என்ற பெயரில் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991இல் 26 வீடுகளோடு முதல் குடியிருப்பு வந்தது.

அங்கே என்ன நடக்கிறது என்றால், அவரவருக்குத் தனி வீடு உண்டு, அதில் தனிச் சமையலறையும் உண்டு. அது போகப் பொதுவீடு ஒன்று. வாரத்தில் சில நாட்கள் அங்கே சேர்ந்து சாப்பாடு; சமையல் முறை வைத்து. விருப்பமில்லாத அன்று வரவேண்டியதில்லை. கார்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்துதான் வரவேண்டும், அப்போதுதான் வழியில் ஆட்களைப் பார்க்க முடியும். நிர்வாகத்துக்கு வெளியாள் கிடையாது, குடியிருப்பவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். கோவைப் பக்கம் நிறைய வந்திருக்கிற ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளிலிருந்து இது இந்த இடத்தில் விலகுகிறது. அங்கே மாதம் பணம் கட்டினால் ஒரு நிறுவனம் சோறு போட்டு, புல்லும் வெட்டிவிடும். நமக்கு வேலை எதுவும் இல்லை. ஆண்களைப் பொறுத்தவரை அதுவேதான் சிக்கல்.

"இது நம் பழைய கூட்டுக்குடும்பம்தானே" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவிதாங்கூரில் இருந்த நம் முன்னோர் கூட்டுக்குடும்பச் சொத்தைச் சட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள். 1925இல் நாயர் சட்டம், 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். அதில் இருந்து பார்த்தவர்களே வேண்டாம் என்றதை, இருந்து பார்க்காத நாம் ஏன் உருகி உருகிப் பேச வேண்டும்? பிறப்பால் வந்து சேர்ந்த கூட்டம் வேறு, தேர்ந்துகொண்ட கூட்டம் வேறு. பிந்தையதில் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ள உரிமை உண்டு.

இனி ஆண்கள் விஷயம். நம் ஊர் ஆணின் நட்பு எதன்மேல் நிற்கிறது என்று கவனித்தால், ஏதாவது ஒரு வேலையின்மேல் நிற்கும். அலுவலகம் இருந்தவரை அலுவலக நட்பு. ஓய்வுபெற்ற மறு மாதம் தொலைபேசி அடங்கிவிடும். டீக்கடை பெஞ்சு இருந்தது. இப்போது பார்சல் டீ. குளத்துப் படித்துறை இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு படியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஊர்ச் செய்தி முழுவதும் காதில் விழும். குளியலறை வந்தது, படித்துறை போயிற்று. வாசகசாலையில் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்போம். உனக்கு விளையாட்டுப் பக்கம், எனக்குத் தலையங்கம். அதெல்லாம் பேசாதவன் பேசாமலே மனிதர்களோடு இருந்த இடங்கள். யாரையும் வீட்டுக்கு அழைத்து உபசரிக்கத் தேவையில்லை, போய் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொன்றாகப் போனபோது நாங்கள் கவனிக்கவில்லை, பெண்கள் கவனித்தார்கள். அவர்களுக்கு மகளிர் குழு இருக்கிறது. கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டத்து ஊர்களில், அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இருக்கிறது, முப்பது வீட்டுக்கு ஒன்று என்கிற கணக்கில். எதுவும் இல்லாவிட்டால் மதில் மேல் கை வைத்துப் பேச ஒரு பக்கத்து வீட்டு மைனியாவது இருப்பாள்.

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற பிராணிகள் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையில் ஒரு வேலை இருந்தால், வாய் தானாகத் திறக்கும். குளச்சலிலோ முட்டத்திலோ பகல் பொழுதில் கடற்கரையில் நடந்து பார்த்தால் தெரியும். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கண் வலையில், விரல் நூலில், பேச்சு மட்டும் அதுபாட்டுக்கு ஓடும். ஆஸ்திரேலியாவில் 1990களில் இதைப் புரிந்துகொண்டு, ஓய்வுபெற்ற ஆண்களுக்கென்றே தச்சுக் கொட்டகைகளைத் தொடங்கினார்கள். வா, பேசு என்று கூப்பிட்டால் வராதவன், வா, இந்த நாற்காலியின் காலைச் சரிசெய் என்றால் வந்துவிடுகிறான்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் முந்தின இரவைப் பார்த்தவர்களுக்கு ஆஸ்திரேலியா வரை போகவேண்டியதில்லை. பந்தலுக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்து, பூசணியும் சேனையும் வாழைக்காயும் மலையாகக் கொட்டியிருப்பார்கள். அவியலுக்கு நீளநீளமாக, எரிசேரிக்குச் சதுரமாக. ஊர் ஆண்களே கத்தியோடு வருவார்கள். அப்படி ஒரு வீட்டில் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் விளைக்கு வடக்கே குடியிருக்கிற முன்னாள் ராணுவக்காரர். எத்தனையோ வருஷமாக வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம், தலையாட்டுவதோடு சரி. நடுராத்திரி தாண்டி, இரண்டு பேர் முன்னாலும் தேங்காய்ப்பூ குவிந்த பிறகு, மூடியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "சேட்டா, இதயத்தில் அடைப்பு இருக்கிறதாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தேங்காயைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தேங்காயைப் பார்த்துக்கொண்டே எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர் என்று விசாரித்தேன். வரவேற்பறை சோபாவில் அவரை உட்கார வைத்து ஆயிரம் காபி கொடுத்திருந்தாலும் அந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது.

சேர்ந்து வாழும் குடியிருப்பு என்பது, நான் புரிந்துகொண்ட வரையில், அந்த முந்தின இரவை வாரந்தோறும் நடத்துவதற்கான ஏற்பாடு. கிணற்று மோட்டார் கெடும். வருஷத்தில் இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம், ஓடு ஒழுகும், வாய்க்கால் அடைக்கும். தென்னைக்கு ஆள் கிடைக்க மாட்டான். இதையெல்லாம் ஆறேழு ஆண்கள் சேர்ந்து செய்ய வேண்டிவரும். நட்பு என்ற பேச்சையே எடுக்காமல் நட்பு வந்துவிடும்.

மேலை நாடுகளில் முதியோருக்கான இத்தகைய குடியிருப்புகளில் பெண்கள்தான் அதிகம். வடக்கு லண்டனில் ஹை பார்னெட் என்ற இடத்தில் 2016 கடைசியில் குடிபுகுந்த நியூ கிரவுண்ட் முழுக்க முழுக்க 50 வயது கடந்த பெண்களுக்கானது. 25 வீடுகள், அதற்காக 1998இலிருந்து விடாமல் முட்டி மோதியிருக்கிறார்கள். ஆண்களுக்கு மட்டும் என்று யாராவது தொடங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தொடங்கினாலும் முதல் கூட்டத்துக்கு நாங்கள் யாரும் வந்திருக்க மாட்டோம். ஆண் இப்படியொரு இடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். அந்தக் கை முதலில் விட்டுப்போனால்? எங்கள் பகுதியில் மனைவியை இழந்த ஆண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய வீடு, ஒற்றை விளக்கு, ஹோட்டல் பார்சல், சாயங்காலம் ஆனால் டிவியில் விவாதம். அவருக்கு உறவையெல்லாம் கட்டிக்காத்தவள் அவள்தான். அவளோடு அதுவும் போயிற்று. கணவனை இழந்த பெண் அழுதுவிட்டு நாலாம் மாதம் குழுக் கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். ஆகவே பெண்சாதி உயிரோடு இருக்கும்போதே தெருவுக்கு வந்துவிடுங்கள் என்பேன்.

ஒத்துப்போகாத தம்பதிகள் என்றால் பேசுகிறவள், பேசாதவன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தலைகீழாகவும் உண்டு. எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் கணவருக்குக் கட்சி, கோயில் கமிட்டி, பஞ்சாயத்து என்று எந்நேரமும் ஆள் வேண்டும். மனைவிக்குப் புத்தகமும் பூனையும் போதும். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டே அவளுக்கு வயதாகிவிட்டது. தனி வீட்டில் விருந்தாளி வந்தால் தப்பிக்க வழி கிடையாது. அவர் போகும்வரை கூடத்தில் சிரித்த முகத்தோடு இருந்தாக வேண்டும். பொதுக்கூடம் ஒன்று இருந்துவிட்டால் ஆள் வேண்டியவர் அங்கே போவார், வேண்டாதவர் வீட்டில் இருப்பார். என் மனைவி நாலு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வயிறு நிறையப் பேசிவிட்டு வந்தால், இரவில் என்னிடம் சொல்ல நாலைந்து நல்ல செய்திகள்தான் மிஞ்சும். அந்த அளவுக்கு நானும் கேட்பேன், திரும்பக் கேள்விகூடக் கேட்பேன்.

"உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா?" என்று முதல் மாதம் கேட்பார்கள். மூன்றாம் மாதம் கேட்க மாட்டார்கள், ஆளின் குணம் தெரிந்திருக்கும். பேசாதவனுக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறு இல்லை. புதியவர்களிடம்தான் அவன் திமிர் பிடித்தவன். தினமும் பார்க்கிறவர்களுக்கு அவன் வெறுமனே பேசாதவன்.

கட்டுகிற விதத்திலும் இதற்கு இடம் வைக்கிறார்கள். சமையலறையையும் முன்திண்ணையையும் பொதுப்பாதையைப் பார்த்து வைக்கிறார்கள். படுக்கையறையும் சிறிய தோட்டமும் பின்னால் மறைவாக இருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்தால் பேசலாம் என்று அர்த்தம், பின்னால் இருந்தால் விட்டுவிட வேண்டும். வாயால் சொல்லவேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டுத் தெருவில் முன்திண்ணை உண்டு, பின்மறைவு குறைவு. எங்கள் மேற்கே முழுவதும் மறைவுதான். இரண்டையும் ஒரே மனையில் வைத்துப் பார்க்க ஒரு டேனிஷ்காரன் வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

இன்னொரு வகைத் தம்பதிகளும் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் மதம் மாறிக் கட்டிக்கொண்டவர்கள், ஜாதி மாறிக் கட்டிக்கொண்டவர்கள் கணிசம். இவர்கள் தங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போகிறவர்கள், ஊரோடுதான் ஒத்துப்போகவில்லை. அவள் பக்கத்துத் தெருவில் இவனுக்கு இடமில்லை, இவன் சபை ஊரில் அவளுக்கு இடமில்லை. ஆகவே நாகர்கோவிலுக்கு வெளியே ஏதாவது புது நகரில் மனை வாங்கி, யாருக்கும் யாரென்று தெரியாத இடத்தில் தனியாக வாழ்கிறார்கள். இளமையில் அது சௌகரியம். அறுபதில் ஆளில்லாத தனிமை. ஒரு பக்கத்திலும் சேராதவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு தெருவைக் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. இந்த ஏற்பாட்டின் மிக அழகான பயன் இதுவாகத்தான் இருக்கும். மிகக் கடினமானதும் இதுவே.

ஏனென்றால் எங்கள் ஆறேழு குடும்பங்களுக்குள்ளேயே, நிலத்தின் விலையைப் பேசுவதற்கு முன்னால் எழுந்த கேள்வி, வேறு யார் யாரைச் சேர்ப்பது என்பதுதான். கேட்டவர்கள் நாசூக்காகக் கேட்டார்கள். "சாப்பாட்டுப் பழக்கம் ஒத்துவர வேண்டுமே" என்றார் ஒருவர். மீன் குழம்பு வாசனை என்று அவர் சொன்னது மீனைப் பற்றியதல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். இதை மூடி மறைத்து இடம் வாங்கினால் பிறகு மதில்தான் எழும்பும். டென்மார்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இந்த அளவுக்கு இருந்திருக்காது.

பத்திரச் சிக்கல் அடுத்தது. நிலம் பிரிக்கப்படாத பங்காக எல்லார் பெயரிலும் இருக்கும். நாளை நாங்கள் போனபின் டொராண்டோ மகன் தன் பங்கை யாரென்றே தெரியாதவருக்கு விற்றால்? முதலில் இங்குள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பதை வக்கீல் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். "அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் சொல்லும்" என்பது பிள்ளைகளின் கவலை. ஊர் என்ன, இப்போது மட்டும் சும்மா இருக்கிறதா?

என் உண்மையான பயம் கூட்டங்கள்தான். எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசி முடிவெடுப்பார்களாம். குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று மூன்று மணி நேரம் பேசுகிற கூட்டத்தில் என்னைப்போன்றவன் என்ன ஆவான்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டத்துக்கு வராதவன் ஒரு வேலையை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். கூட்டத்தின் முடிவு எதுவானாலும் கட்டுப்படட்டும். பேச்சுக்குப் பதில் உழைப்பு. இதைச் சொன்னபோது மற்ற கணவர்களின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சத்தைப் பார்த்தேன்.

பெண்கள் பதிலுக்கு ஒன்று கேட்டார்கள். சமையல் முறை வீட்டின் பெயரில் இருக்கக் கூடாது, ஆளின் பெயரில் இருக்க வேண்டும். வீட்டின் பெயரில் போட்டால் அது தானாகப் பெண்ணின் பெயர் ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியாதா? வாரம் மூன்று பொதுச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். பதினாலு பேர் இருந்தால் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் முறை வரும். ஊர்க் கல்யாணத்துக்கு அவியல் வெட்டுகிற கைக்கு இது முடியாதா என்றாள் என் மனைவி. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. பேச்சு எனக்கு எப்போதும் வந்ததும் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருவரில் ஒருவர் மனசார வேண்டாம் என்றால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. முணுமுணுப்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பதி விலகிவிட்டார்கள். அவருக்குத் தன் ரப்பர் விளையை விட்டு வர முடியவில்லை. அந்த அம்மாளும் வற்புறுத்தவில்லை. பொதுச் சாப்பாடு நடக்கும் நாளில் விருந்தாளியாக வந்துபோகலாம் என்று ஏற்பாடு.

இடம் எங்கே என்பதில்தான் இப்போது இழுபறி. பெண்களில் பாதிப் பேருக்குப் பழையாற்றுக்குப் பக்கத்தில் வயல் தெரிகிற இடமாக வேண்டும். எனக்குத் தக்கலைக்கு மேற்கே நாலு பலா மரமாவது இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளை வாடகைக்கு எடுத்து ஒரு வருஷம் ஒத்திகை பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒழுகினசேரிப் பக்கம் மூன்று வீடுகள் காலியாக இருப்பதாகத் தரகர் சொன்னார். மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் என் பொறுப்பு என்று நோட்டில் எழுதியாயிற்று. சமையல் முறையிலும் என் பெயர் இருக்கிறது, ராணுவக்காரரோடு சேர்த்து. எனக்குப் புளிக்கறி மட்டும்தான் வைக்கத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். மீதியை அவர் பார்த்துக்கொள்வாராம்.